மீன்தொட்டி ஒழுகிய வாரம்

தம்பி,

நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அத்தனை நேரம் பேசியதற்கு நான் "சரி, பாக்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மா "பாக்கலாம்" என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது உனக்கே தெரியும். அந்த நேரத்தில் பேசத் தெம்பில்லை, அவ்வளவுதான். போனில் எனக்கு இரண்டுதான் வரும். கத்துவேன், இல்லாவிட்டால் ஒண்ணுமில்லை என்பேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். அவர் எழுந்திருக்கும் வரைக்கும் எனக்கு நேரம் இருக்கிறது. முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உன் பெண்டாட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. அவளை நான் குறை சொல்லப் போவதில்லை, பயப்படாதே.

நீ சொன்னது இரண்டு விஷயம். அப்பாவைத் திருச்சிப் பக்கம் இருக்கும் அந்த ஹோமில் சேர்த்துவிடலாம், வியாழக்கிழமை அவர்களே வேன் அனுப்புவார்கள், நான் புனேவுக்கு வந்து உங்களோடு கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்பது ஒன்று. கூடத்தில் இருக்கும் மீன்தொட்டியை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பது இன்னொன்று. "ஒன்னால முடியலம்மா, கொரலே சொல்லுது" என்று கொஞ்ச நாளாகவே சொல்கிறாய். முடியவில்லைதான். அதை மறைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது? காலையில் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது. அவருடைய வலது பக்கம் முழுக்க என் தோளில்தான் விழுகிறது. குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சியைக் கொடுத்து முடித்தால் அடுத்தது மருந்து. சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து அத்தனை பிள்ளைகளுக்கும் ஆக்கிப் போட வைத்தபோதுகூட இவ்வளவு அலுப்பு வந்ததில்லை. நீ ஹோம் என்று முதல் தடவை சொன்ன அன்றைக்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அதனால்தான் அவர்கள் ஆளை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நானே சொன்னேன்.

நீ இப்போது பார்க்கும் அப்பாவை வைத்துதான் எல்லாவற்றையும் முடிவு பண்ணுகிறாய். போன் திரையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். உன் கல்யாணம் முடிந்து, விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஊர் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு வாயும் வலது கையும் காலும் போய்விட்டன. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பேச்சு வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். வாய் ஓயாத மனுஷன் அவர். அரியலூர் - திருமானூர் பஸ்ஸில் கண்டக்டர் என்றால் சும்மாவா? கல்யாணமான புதுசில் என்னைத் திருமானூருக்குத் தன் பஸ்ஸிலேயே கூட்டிப் போனார். திரும்பும்போது நான் பூக்காரியிடம் முழம் அளக்கச் சொல்லிக் கொண்டிருக்கிறேன், இவர் யாரோ ஒரு கரும்பு வியாபாரியிடம் பேசிக்கொண்டே ரைட் கொடுத்துவிட்டார். பஸ் கிளம்பிவிட்டது. உள்ளே இருந்தவர்கள்தான், "யோவ் கண்டக்டரு, ஒங்க வூட்டம்மா ஏறலய்யா" என்று கத்தியிருக்கிறார்கள். அப்புறம் வண்டியை நிறுத்தச் சொல்லி ஓல்டேன் ஓல்டேன் என்று இவர் போட்ட சத்தம் கடைத்தெரு வரைக்கும் கேட்டது. ஏறினதும் நான் ஊர் வந்து சேரும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் என்னைத் தவிர பஸ்ஸில் இருந்த எல்லாரிடமும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

இப்போது அவருக்கு இருப்பது அந்தத் தொட்டிதான். நீ ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்த்த காலத்தில் திருச்சியிலிருந்து அதைக் கொண்டுவந்து இறக்கியபோது, கூடத்தையே அடைத்துவிட்டாய் என்று நான் திட்டினேன். இன்றைக்கு அவர் நாற்காலி அதன் எதிரேதான். அந்த இரண்டு ஆஸ்கர் மீனும் அவர் இடது கையைத் தூக்கினால் கண்ணாடிக்கு வந்துவிடும். தொட்டிக்குள்ளேயே மூலையில் தடுத்திருக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் தண்ணீர் வழிந்து விழுகிற சத்தம் இருக்கிறதே, அது ஓடிக்கொண்டிருந்தால்தான் பகலில் கண் அசருவார். கரண்டு போய் மோட்டார் நின்றால் நாற்காலிக் கையில் தட்டத் தொடங்கிவிடுவார். இதெல்லாம் போனில் உனக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஹோமிலிருந்து ஒரு அம்மா வருகிறார்கள் என்றதும் நான் வீட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். வெளி ஆள் வருகிறார்கள் என்றால் எனக்கு அப்படித்தான், கை சும்மா இருக்காது. அப்பாவுக்குச் சலவைச் சட்டை போட்டேன். ஜன்னல் துடைத்தேன். தொட்டிக்குக் கீழே இருக்கிற மர அலமாரியைத் திறந்து பார்த்தால், மேலே அந்த மூலைப் பெட்டியிலிருந்து மோட்டார் இருக்கிற அடித்தொட்டிக்குக் குழாய் இறங்குகிற இடத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நம் ஊர் போர் தண்ணீரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. பூமி முழுக்கச் சுண்ணாம்புக்கல், சிமெண்டு பாக்டரிக்காரன் தோண்டி எடுத்தது போக மிச்சமெல்லாம் நம் குழாயில் வருகிறது. பால் குண்டான், சுடுதண்ணி ராடு, பாத்ரூம் குழாய் எல்லாவற்றிலும் நான் சுரண்டுவதுபோல, பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடியை உப்புத் தொட்டு அதையும் தேய்த்தேன். போகாத இடத்தில் கத்தி முனையால் நெம்பினேன். மீன் இருக்கிற இடம், ஆசிட் எல்லாம் கிட்டே கொண்டுபோகவில்லை, அந்த அறிவு எனக்கு உண்டு. பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்கும் திருப்தியாக இருந்தது.

அந்த அம்மா வந்தார்கள். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். ஒரு பைலை வைத்துக்கொண்டு, "தாத்தா தானா சாப்பிடுவாரா? சொன்னா புரிஞ்சுக்குவாரா? முரண்டு பண்ணுவாரா?" என்று அவரை உட்கார வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்கள். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா போன பிறகு அவர் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார், யாரென்று கேட்கிற பார்வை. "கை கால் பயிற்சிக்கு ஆள் விசாரிச்சேன், அதுக்கு வந்தாங்க" என்றேன். அவர் நம்பிவிட்டார். அது எனக்கு மத்தியானச் சாப்பாட்டை இறங்கவிடாமல் பண்ணிவிட்டது.

சாயங்காலம் அலமாரிக்குள் சொட்டுச் சத்தம். திறந்தால் நான் தேய்த்த இடத்திலிருந்து தண்ணீர். கீழே மோட்டார் பிளக் போட்டிருக்கிற போர்டு. மெயினை அணைத்துவிட்டு ஒரு சாம்பார் குண்டானை அடியில் வைத்தேன். உப்பு என்று நான் சுரண்டி எடுத்ததுதான் இத்தனை நாள் தண்ணீரை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது? மறுநாள் பிளம்பர் சேகரைக் கூப்பிட்டேன். என் கையால் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவன், இன்றைக்கும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். குனிந்து பார்த்துவிட்டு, "வுட்டுடுங்க டீச்சர், ஒரு வாரத்துல தானா அடைச்சுக்கும்" என்றான். "கீழ கரண்டு இருக்குடா" என்றேன். "அப்பிடின்னா இறுக்கிடறேன்" என்று பெரிய ஸ்பேனரை எடுத்தான். அந்த வாயைத் திறந்த ஸ்பேனரையும் கண்ணாடியையும் பார்த்தேன். வேண்டாம் சாமி என்று காப்பியைக் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

தானா அடைச்சுக்கும். இந்த ஊரில் எல்லாருமே அதைத்தான் சொல்வார்கள், சொன்னது பெரும்பாலும் நடந்தும்விடும். புதுக் குழாய் போட்டால் கொஞ்சம் கசியும், நாலு நாளில் சுண்ணாம்பு படிந்து நின்றுவிடும். அதனால் இங்கே ஒரு பிளம்பரும் ஒழுங்காக வாஷர் போடக் கற்றுக்கொள்ளவில்லை. நீ தொட்டியை முதல் முதலாக ரொப்பியபோதும் கசிந்தது, ஞாபகம் இருக்கிறதா? சேகர் இதையேதான் சொன்னான், நீயும் தலையாட்டினாய், கசிவும் நின்றது. உங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்கும் அதைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. இதை வைத்து உனக்கு உபதேசம் பண்ணப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், உன் பெண்டாட்டிக்கும் உனக்கும் நடுவில் ஏதாவது மனத்தாங்கல் வந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று விடாதே. நானும் உன் அப்பாவும் அப்படி விட்டு விட்டே பாதி வயதை ஓட்டியவர்கள். பூ வாங்கின அன்றைக்கு நான் பேசாமல் வந்தேன் இல்லையா, அதையே ஒரு பழக்கமாகப் பிடித்துக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு நாள் குண்டானை மாற்றிக்கொண்டே இருந்தேன். மோட்டார் ஓடாததால் மீனுக்குக் காற்றுக் குழாயை மட்டும் வேறு பிளக்கில் போட்டுவிட்டேன். தண்ணீர்ச் சத்தம் இல்லை. அவர் தூங்கவில்லை, நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டாதீங்க என்று ஒரு தடவை சத்தம் போட்டுவிட்டேன். அப்புறம் போனில் தேடி, ஒரு பையன் தமிழில் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த வீடியோ ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நல்லவேளை, மோட்டாரை நிறுத்தினால் அந்த மூலைப் பெட்டி மட்டும்தான் வடிகிறது, மீன் இருக்கிற பெரிய தொட்டித் தண்ணீர் தடுப்புக்கு இந்தப் பக்கம் அப்படியே நிற்கிறது. மீனைத் தொடாமலே வேலை பார்க்கலாம். பெட்டிக்குள் மிச்சம் இருந்ததைத் துணி விட்டு ஒற்றி எடுத்தேன். வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை விட்டேன். சேகர் கை அதற்குள் போகாது, என் கை போனது.

டேங்க் நிப்பிள் என்று சேகர் சொல்வானே, பெட்டித் தரையில் ஓட்டை வழியாகக் கீழே இறங்குகிற அந்தக் கட்டைக் குழாய். உள்ளே அதற்கு ஒரு தலை இருக்கிறது, கீழே ஒரு நட்டு. ரப்பர் வாஷர் உள்ளே, தண்ணீர் நிற்கிற பக்கம், தலைக்கு அடியில் இருக்க வேண்டும் என்று அந்தப் பையன் சொன்னான். தலை சுண்ணாம்பில் ஒட்டிக் கிடந்ததால் கீழே நட்டை மட்டும் திருப்பிக் கழற்றிவிட்டேன்; பார்த்தால், நம் வீட்டில் அது கீழே, நட்டுப் பக்கம் இருந்தது. அதுவும் காய்ந்து அப்பளமாகிவிட்டது. நட்டு மரையில் நீயும் சேகரும் அரைச் சுருள் டேப்பைச் சுற்றி வைத்திருந்தீர்கள், அங்கே டேப்பே தேவையில்லையாம். என்ஜினியரும் பிளம்பரும் சேர்ந்து பார்த்த வேலை. அப்பாவைப் பெரம்பலூருக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போன அன்று, அவரை அங்கே உட்கார வைத்துவிட்டு ஹார்டுவேர் கடைக்குப் போய்ப் புது வாஷரும் மீனுக்கு ஆகாத மருந்து கலக்காத சிலிக்கான் பசையும் கேட்டு வாங்கினேன். கடைக்காரர், "மாடி டேங்குக்காம்மா?" என்றார். எங்க வீட்டுக்காரருக்கு என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் பொட்டலம் கட்டினார்.

வீட்டுக்கு வந்து பழைய வாஷர் இருந்த இடத்தைச் சுரண்டித் துடைத்து, புதுசை உள்பக்கம் போட்டு, நிப்பிளை இறக்கினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். உள்ளே தலையைத் திரும்பாமல் பிடித்தால்தான் கீழே நட்டை முறுக்க முடியும். ஒரு கை தொட்டிக்கு மேலிருந்து உள்ளே போக வேண்டும், ஒரு கை அலமாரிக்குள் கீழே இருக்க வேண்டும். எட்டவில்லை. ஸ்டூலில் ஏறி நின்றேன், குனிந்தேன், கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். விரல் நுனி நட்டைத் தொடுகிறது, திருப்ப வரவில்லை. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். தொட்டிக்காக அழவில்லை. என்னால் முடியவில்லை என்று நீ சொன்னாயே, அது சரிதான் என்று அழுதேன்.

நாற்காலிக் கையில் தட்டுகிற சத்தம் கேட்டது. அவர்தான். இடது கையை நீட்டி அலமாரியைக் காட்டினார். நான் புரியாத மாதிரி பார்த்தேன். மறுபடியும் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது, உங்களைத் தூக்கி அங்கே உட்கார வைக்கிறது யாரு என்று கேட்டேன். தட்டுவதை நிறுத்தவில்லை. கடைசியில் நாற்காலியோடு தரதரவென்று இழுத்துப்போய் அலமாரிக் கதவுக்கு அண்டையில் போட்டேன். அவர் சாய்ந்து உள்ளே கையை விட்டார். நட்டை அவர் விரலில் வைத்துக் கொடுத்துவிட்டு நான் மேலே ஏறி நிப்பிள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

நட்டு மரையில் ஏறவே நேரமானது. இடது கை, அவருக்குப் பழக்கமில்லாத கை. இரண்டு தடவை கீழே விழுந்தது. அவர் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது, வாயோரம் எச்சில் ஒழுகியது, துடைக்க என்னிடம் கை இல்லை. அப்புறம் பிடித்துக்கொண்டது. என் விரலுக்கு அடியில் வாஷர் மெல்ல மெல்ல அமுங்குவது தெரிந்தது. "இன்னும் கொஞ்சம்" என்றேன். முறுக்கினார். "இன்னும் கொஞ்சந்தாங்க." முறுக்கினார். மறுபடியும் இன்னும் என்றேன்.

"ஓல்டேன்" என்றார்.

குழறலாகத்தான் வந்தது. ஆனால் ஓல்டேன்தான். நான் கையை எடுக்காமல் நிப்பிள் தலையைப் பிடித்தபடியே நின்றேன். கண்ணாடி, இதற்கு மேல் இறுக்கினால் விரிந்துவிடும் என்று அந்த வீடியோ பையனும் சொன்னான், என் பயத்தில் அது எனக்கு மறந்துபோயிருந்தது. நட்டு எங்கே நின்றது என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. சொன்னால் புரிஞ்சுக்குவாரா என்று அந்த அம்மா கேட்டார்களே தம்பி, புரிஞ்சுக்குவார். நாம் சொல்லாததையும் புரிந்துகொள்வாரோ என்று அன்றைக்கு எனக்குப் பயம் வந்துவிட்டது.

அதன் பிறகு பெரிய கதை இல்லை. ஓரத்தில் சிலிக்கானை வழித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். அலமாரிக்குள் பேப்பர் விரித்து, பெட்டியில் சொம்பால் தண்ணீர் ஊற்றி, பேப்பரை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஈரமில்லை. நேற்றுக் காலையில் மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் விழத் தொடங்கியதும் அவர் தூங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் உன் போன் வந்தது, தொட்டியைக் கொடுத்துவிடு, வியாழக்கிழமை வேன் என்றாய். அப்போது இதையெல்லாம் சொல்ல என்னிடம் தெம்பும் இல்லை, வார்த்தையும் இல்லை.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒரு வார்த்தை வந்துவிட்டதால் உன் அப்பா எழுந்து ஓடப் போகிறார் என்று நான் கனவு காணவில்லை. இன்று காலையும் அதே கனம், அதே வேலை, என் இடுப்பு விட்டுப்போய்விட்டது. அலுப்பில்லை, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாக இரு என்று எழுத எனக்கும் ஆசைதான். அது பொய். என்னால் தனியாக முடியாது. காலையில் தூக்கி உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டும், அதை நீ ஏற்பாடு பண்ணு. அதற்கு மேலும் முடியாமல் போனால் ஹோம்தான் வழி என்று நானே சொல்லும் நாளும் வரலாம். அப்படி வந்தால் அதற்காக நான் கூனிக் குறுகப் போவதில்லை, நீயும் குறுக வேண்டாம்.

ஆனால் இந்த வியாழக்கிழமை வேன் வேண்டாம். அவரிடம் ஒரு தடவை பொய் சொன்னேன், அந்தப் பொய்யிலேயே வேனில் ஏற்றி அனுப்ப என்னால் ஆகாது. நீ லீவு போட்டுவிட்டு வா. தினமும் காலையில் நீ அவரைத் தூக்கு, குளிப்பாட்டு, அந்தத் தொட்டி முன்னால் கொண்டுபோய் உட்கார வை. எத்தனை நாள் முடிகிறதோ அத்தனை நாள் செய்து பார். அதற்கப்புறமும் ஹோம்தான் சரி என்று உனக்குப் பட்டால் நான் குறுக்கே நிற்கமாட்டேன், பெட்டியையும் நானே கட்டித் தருகிறேன். அவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நீயே அவரிடம் அதைச் சொல்லு.

அம்மா